ரேடியேட்டர் இல்லாத வேன்: பழைய கோம்பியை நம் ஊர் வெயிலில் ஓட்டும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய ஃபோக்ஸ்வேகன் கோம்பி ஒன்றை வாங்கிச் சீர்செய்யப் போவதாகச் சொல்பவரிடம் வீட்டிலும் பட்டறையிலும் முதலில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "தண்ணீரே ஊற்றாத வண்டி இந்த வெயிலுக்குத் தாங்குமா?" தாங்கும். விசிறி தள்ளும் காற்றும் உள்ளே சுற்றும் எண்ணெயும் சேர்ந்து சூட்டை வெளியேற்றும்படி வடிவமைக்கப்பட்ட எஞ்சின் இது. அந்த இரண்டு வழிகளும் அடைபடாமல் இருக்கும்வரை பகல் வெயில் இதற்குப் பெரிய பொருட்டாவதில்லை. நம் நாட்டில் இவ்வண்டிகள் சூடேறிக் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை, பல கைகள் மாறியபோது யாரோ கழற்றிப் போட்ட தகரங்களும், இற்றுப்போன ரப்பரும், தவறாக வைக்கப்பட்ட பற்றவைப்பு நேரமுமே ஆகும். ஆகவே இந்த வழிகாட்டியில் எந்த வேலையைச் சொன்னாலும், சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்ற கேள்வியை ஒட்டியே சொல்லப்படுகிறது.

இப்படி ஏன் அமைத்தார்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் நகரிலுள்ள ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலை பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தின்கீழ் இயங்கிக்கொண்டிருந்தது. உதிரிப் பாகங்களை ஒரு கூடத்திலிருந்து மற்றொரு கூடத்துக்கு ஏற்றிச் செல்ல, அங்கே தயாரான பீட்டல் என்ற சிறு காரின் அடிப்பாகத்தின்மேல் தளம் பொருத்திய தட்டு வண்டிகளை அங்குள்ள தொழிலாளர்கள் பயன்படுத்தினர். அதைப் பார்த்த பென் பொன் என்ற டச்சு இறக்குமதியாளர், 1947 ஏப்ரல் 23 அன்று தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டி வண்டியின் கோட்டுருவத்தை வரைந்தார். ஓட்டுநர் முன் சக்கரங்களின்மேல், எஞ்சின் கடைசியில், சுமை இரண்டுக்கும் நடுவில். ஏறத்தாழ இதுவே பின்னாளில் உலகம் கண்ட கோம்பி.

1948 ஜனவரியில் தொழிற்சாலைப் பொறுப்பை ஏற்ற ஹைன்ரிச் நோர்ட்ஹோஃப் இந்த எண்ணத்தைச் செயல்படுத்தினார். பீட்டலின் அடித்தளத்தை அப்படியே வைத்துக் கட்டிய முதல் மாதிரி சுமையைத் தாங்காததால், குறுக்குச் சட்டங்கள் கொண்ட தனி அடிச்சட்டத்தோடு உடல் ஒன்றாக இணைக்கப்பட்டது. பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து முகப்பை வளைத்தபின், காற்றுத்தடை எண் 0.75 அளவிலிருந்து 0.44 ஆகக் குறைந்தது. பார்ப்பதற்கு ரொட்டித் துண்டாகத் தெரியும் இந்த வேன், பீட்டல் காரைவிடக் காற்றை எளிதாகக் கிழித்தது என்பதைப் பலர் நம்புவதில்லை. 1950 மார்ச் 8 அன்று உற்பத்தி தொடங்கியபோது எஞ்சினின் கொள்ளளவு 1131 சிசி, ஆற்றல் 25 குதிரைத்திறன், ஏற்றக்கூடிய சுமை ஏறத்தாழ 750 கிலோ. 1956 முதல் ஹானோவரில் கட்டிய புதிய தொழிற்சாலைக்கு இதன் உற்பத்தி மாறியது.

காற்றால் குளிரும் முறை பீட்டலிலிருந்து வந்தது. கார் நிறுத்தக் கொட்டகை இல்லாத சாதாரணக் குடும்பம், பனிக்காலத்தில் வண்டியைத் தெருவிலேயே விட்டாலும் உள்ளே தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்கக் கூடாது என்பதே ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வடிவமைப்பில் இம்முறையைக் கைக்கொண்டதற்கு முக்கியக் காரணம். குளிர் நாட்டுக்காக எடுத்த அந்த முடிவு வெப்ப நாட்டுக்கும் ஒத்துவந்தது வேடிக்கைதான்: உறைவதற்குத் தண்ணீர் இல்லையென்றால் கொதிப்பதற்கும் தண்ணீர் இல்லை, வெடிக்கும் குழாயோ ஒழுகும் ரேடியேட்டரோ இதில் கிடையாது.

முகப்புக் கண்ணாடி இரண்டாகப் பிளந்திருக்கும் முதல் தலைமுறை 1967 வரை வந்தது. போர்க்கால இராணுவ வண்டியான கூபெல்வாகனிலிருந்து எடுத்த வேகக் குறைப்புப் பற்சக்கரப் பெட்டிகள் இதன் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றிலும் உண்டு. அவை வண்டியின் அடிவயிற்றைத் தரையிலிருந்து உயர்த்தி, சிறிய எஞ்சினுக்கு இழுவையைக் கூட்டின. செம்மண் பாதையில் இது பெரிய உதவி. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குத் தனித்தனியே எண்ணெய் உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

1967 ஆகஸ்டில் ஒரே வளைந்த கண்ணாடியுடன் இரண்டாம் தலைமுறை வந்தபோது பற்சக்கரப் பெட்டிகள் நீக்கப்பட்டு, பின் அச்சு ஒவ்வொரு பக்கத்திலும் இரட்டை மூட்டு பெற்றது. 1584 சிசி எஞ்சின் முதலில் 47 குதிரைத்திறன் தந்தது. 1970 ஆகஸ்டில் வந்த மாதிரியில் அது 50 ஆக உயர்ந்ததோடு முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் கிடைத்தது. அடுத்த ஆண்டு, விசிறி நேராக வளைதண்டிலேயே அமர்ந்த 1679 சிசி எஞ்சினும் சேர்ந்தது. 1979-இல் தொடங்கிய மூன்றாம் தலைமுறை சில ஆண்டுகள் காற்றை நம்பி ஓடி, 1982-இன் பிற்பகுதியில் நீருக்கு மாறத் தொடங்கியது. பிரேசிலில் மட்டும் 2005 இறுதிவரை காற்றால் குளிரும் கோம்பி உற்பத்தியாகி, பின் நீரால் குளிரும் எஞ்சினுடன் 2013 டிசம்பர் வரை நீடித்தது. அந்த நாட்டின் உதிரிப் பாகங்கள் இன்றும் நமக்குக் கைகொடுப்பதற்கு இந்த நீண்ட ஆயுளே காரணம்.

கீழே சொல்லப்படும் அளவுகள், இந்த வண்டிகளில் நாம் அதிகம் காணும் 1600 எஞ்சினுக்கு (மேலே சொன்ன 1584 சிசி) உரியவை.

வாங்கும்முன்

கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர் வண்ணப்பூச்சில் மயங்காமல் முதலில் பதிவுப் பத்திரத்தைக் கேட்க வேண்டும். இந்த எஞ்சினை நான்கு போல்ட்டுகளைக் கழற்றி ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடலாம் என்பதால், வண்டிக்கு வண்டி எஞ்சின்கள் மாறியிருப்பது மிகவும் சாதாரணம். பத்திரத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் டைனமோ நிற்கும் பீடத்துக்குக் கீழே பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், உரிமை மாற்றத்துக்கான பரிசோதனையில் வண்டி நின்றுவிடும். எண்ணைச் சுரண்டியதற்கோ மீண்டும் பொறித்ததற்கோ அடையாளம் தென்பட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது துரு. முகப்புக் கண்ணாடியின் கீழ் விளிம்பு, முன் தரை, கதவுக்குக் கீழே உள்ள சட்டம், ஜாக்கி வைக்கும் இடங்கள், எஞ்சின் அறையில் பேட்டரி அமரும் தட்டு ஆகிய இடங்களைத் திருகாணிக் கருவியின் பிடியால் தட்டிப் பாருங்கள். எஞ்சினை எப்போதும் மீட்டுவிடலாம், இற்ற அடிச்சட்டத்தை மீட்பதற்குள் கையிருப்பு கரைந்துவிடும் என்பது என் கருத்து.

கடைசியாக, எஞ்சின் நின்றிருக்கும்போது கீழே உள்ள புல்லியை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பாருங்கள். வளைதண்டின் நீளவாட்டு ஆட்டம் கையில் தெளிவாக "டொக்" என்று தட்டுப்பட்டால், முழுமையாகப் பிரித்துக் கட்டும் செலவையும் கணக்கில் சேர்த்தே விலை பேச வேண்டும்.

காற்றின் பாதை

இந்த வண்டியைப் பராமரிப்பதில் முதன்மையான பகுதி இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். பின்பக்கத் தூண்களில் உள்ள துவாரங்கள் வழியாக வெளிக்காற்று எஞ்சின் அறைக்குள் நுழைகிறது. டைனமோவின் மறுமுனையில் இருக்கும் விசிறி அதை உறிஞ்சி, தகரக் கூட்டுக்குள் தள்ளி, நான்கு சிலிண்டர்களின் செதில்களுக்கு இடையே மேலிருந்து கீழாக அனுப்புகிறது. சூடேறிய காற்று வண்டிக்கு அடியில் வெளியேறுகிறது. மேலே குளிர்ந்த அறை, கீழே சூடான தரைப்புறம். இரண்டையும் பிரிப்பவை எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களும், தகரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஓடும் ரப்பர் அல்லது நுரைப் பட்டையும் மட்டுமே.

அந்தப் பட்டை இற்று ஒரு சாண் அளவு திறந்திருந்தாலும், கீழே போன சூடான காற்றையும் புகைக்குழாயின் வெப்பத்தையும் விசிறி திரும்ப மேலே உறிஞ்சிக்கொள்ளும். எனவே முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்து, கைவிளக்கின் துணையோடு எஞ்சினைச் சுற்றி நான்கு புறமும் பாருங்கள். எந்த இடத்திலாவது தரை தெரிந்தால் அந்த இடம் அடைக்கப்பட வேண்டும். எரிபொறிக் (ஸ்பார்க் பிளக்) கம்பிகள் தகரத்துக்குள் நுழையும் இடத்தில் உள்ள நான்கு ரப்பர் மூடிகளும் இதில் அடங்கும். இவை சில ரிங்கிட் பெறுமானமுள்ள பொருள்கள்.

பல பட்டறைகளில், "தம்பி, நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு?" என்று கேட்டு, வெப்பப் பெட்டிகளைக் கழற்றி நேர் குழாய் பொருத்திவிடுவார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் விசிறிக் கூட்டின் இரு பக்கங்களிலிருந்தும் அந்தப் பெட்டிகளுக்குக் காற்று செல்ல இரண்டு வாய்கள் உள்ளன. பெட்டியைக் கழற்றிவிட்டு வாயை மூடாமல் விட்டால், சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்றில் ஒரு பங்கு வீணாக வெளியே ஓடும். மூடி போட்டு இறுக்கிவிட்டால் தீர்ந்தது.

வெப்பக் கட்டுப்பாட்டு அமைப்பும் இதே தவறான நம்பிக்கைக்கு இரையாகிறது. எஞ்சினுக்கு அடியில், வலப்புற சிலிண்டர்களுக்குக் கீழே, சிறிய பித்தளைத் துருத்தி ஒன்று இருக்கும். ஏறத்தாழ 65 முதல் 70 பாகை செல்சியஸில் அது விரிந்து, ஒரு கம்பியின் மூலம் விசிறிக் கூட்டின் உள்ளே இருக்கும் மடல்களைத் திறக்கிறது. துருத்தி ஓட்டையானால் தானே விரிந்து மடல்களைத் திறந்தே வைத்துவிடும்படி முன்யோசனையோடு அமைத்திருக்கிறார்கள். நம் வெப்பத்தில் துருத்தி இல்லாமலும் ஓட்டலாம். மடல்கள் முழுதாகத் திறந்திருக்கின்றனவா, துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டனவா என்பதை மட்டும் உறுதிசெய்ய வேண்டும். மடல்களையே பிடுங்கி எறிவது தவறு. அவற்றோடு இணைந்த வளைதகடுகள்தாம் காற்றைச் சிலிண்டர் ஹெட்டுகளின் பக்கம் திருப்பிவிடுகின்றன.

எஞ்சினைப் பிரித்துக் கட்டிய வண்டியாக இருந்தால், சிலிண்டர்களுக்கு அடியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு சிறு தகடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கீழே இறங்கும் காற்று சிலிண்டரின் அடிப்பக்கத்தையும் அணைத்துக்கொண்டு போக வைப்பது அந்தத் தகடு. மறுபடி பூட்டும்போது, அது எதற்கென்று தெரியாமல் மூலையில் போடப்படும் தகடும் இதுவே.

தோட்டப்புறத்தில் நிறுத்திவைக்கும் வண்டிகளுக்கு எலிகளால் வரும் தொல்லை தனி. விசிறிக் கூட்டுக்குள் சருகும் பஞ்சும் திணித்துக் கூடு கட்டிவிட்டால், வெளியிலிருந்து எதுவும் தெரியாது. ஒரு பக்க சிலிண்டர்கள் மட்டும் கருகும். நீண்ட நாள் கிடந்த எஞ்சினைக் கூட்டைக் கழற்றிச் செதில்களைத் துப்புரவாக்காமல் முடுக்கக் கூடாது. எண்ணெயும் செம்மண் தூசும் கலந்து செதில்களுக்கிடையே இறுகிப்போன களிம்பை மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் கழுவி, முழுதாகக் காயவிட்டபின் பூட்டுங்கள். வேலை செய்யும்போது துடைக்கும் துணியை எஞ்சின் அறையில் மறந்து வைத்துவிட்டால், முடுக்கிய நொடியில் விசிறி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எண்ணெய்

இந்த எஞ்சினில் எண்ணெயின் வேலை வழவழப்பு கொடுப்பதோடு முடிவதில்லை. சூட்டில் கணிசமான பகுதியைச் சுமந்து வெளியேற்றுவதும் அதுவே. கொள்ளளவோ 2.5 லிட்டர் மட்டும். ஆகவே அரை லிட்டர் குறைந்தாலும் இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகிவிடும். வாரம் ஒருமுறையாவது, சமதரையில், எஞ்சின் ஆறிய நிலையில் அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். பார்த்த கையோடு முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்து எரிபொருள் எண்ணெயில் கலக்கிறது என்று பொருள். அந்த எண்ணெயோடு ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்துபோகும்.

தொழிற்சாலை அமைப்பில் வடிகட்டிக் குப்பி கிடையாது. அடியில் ஒரு கம்பி வலை மட்டும் உண்டு. அதனால் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். லிந்தாங், லாசா பக்கத்துத் தோட்டச் சாலைகளில் தூசு பறக்க ஓடும் வண்டிக்கு நான் 3000 என்றே சொல்வேன். நம் வெப்பத்துக்கு 20W-50 கனிம எண்ணெய் போதுமானது. வலைத் தட்டை இறுக்கும் ஆறு சிறு நட்டுகளை 7 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கக் கூடாது. மெக்னீசியம் கலந்த எஞ்சின் உடலில் பதிந்திருக்கும் அந்தத் திருகுகள், பலம் காட்டினால் இழையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு செலவு எண்ணெயின் விலையைப்போல் பல மடங்காகும்.

எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு கூடு, பழைய மாதிரிகளில் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நின்றது. அதைக் கடந்து ஏற்கெனவே சூடேறிய காற்று கிடைப்பதால் மூன்றாம் சிலிண்டர் மற்றவற்றைவிட அதிகச் சூட்டில் வேலை செய்தது. 1971 மாதிரி முதல் அந்த எண்ணெய்க் கூட்டை வெளியே தள்ளித் தனி காற்றுவழி கொடுத்தார்கள். பழைய எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால் இந்தப் பிந்திய அமைப்பைப் பொருத்திக்கொள்வது, காசைச் செலவழிக்கத் தகுந்த மாற்றங்களில் முதலாவது.

வால்வு இடைவெளி

இந்த வேலையை எவரும் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் செய்வது நல்லது. எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும் என்பதால் காலையில் முடுக்கும்முன் தொடங்குங்கள். 13 மில்லிமீட்டர் வளையச் சாவி, தட்டை முனைத் திருகாணிக் கருவி, 0.15 மில்லிமீட்டர் அளவுத் தகடு ஆகிய மூன்றும் போதும்.

முதலில் சிலிண்டர்களின் வரிசையை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஓடும் திசையை முன்பக்கமாகக் கொண்டால், வலப்புறம் முன்னால் இருப்பது முதலாவது, அதற்குப் பின்னால் இரண்டாவது. இடப்புறம் முன்னால் மூன்றாவது, பின்னால் நான்காவது. எரிபொறிகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, டைனமோ புல்லியின் நட்டில் 21 மில்லிமீட்டர் சாவியை வைத்து எஞ்சினைக் கையால் திருப்புங்கள். கீழ்ப் புல்லியின் மேல்நிலைக் குறி, எஞ்சின் உடல் இரண்டாகச் சேரும் கோட்டுக்கு நேரே வரும்போது, டிஸ்ட்ரிபியூட்டரின் சுழலி அதன் விளிம்பில் வெட்டியிருக்கும் சிறு கீற்றை நோக்கி நின்றால், முதல் சிலிண்டர் தயார். சுழலி எதிர்ப்புறம் காட்டினால் கீழ்ப் புல்லியை இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்ப வேண்டும்.

வால்வு மூடியை வில்கம்பியைத் தள்ளித் திறந்ததும் கொஞ்சம் எண்ணெய் சிந்தும். கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள். அளவுத் தகட்டை வால்வுத் தண்டின் முனைக்கும் திருகுக்கும் இடையே நுழைத்து இழுக்கும்போது, கட்டாக அடுக்கிய தாள்களின் நடுவிலிருந்து ஒன்றை உருவுவதைப்போல மெல்லிய பிடிப்பு தெரிய வேண்டும். பிடிப்பே இல்லையென்றால் தளர்வு. தகடு வளைந்தால் இறுக்கம். பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகைச் சரிசெய்து, திருகு நகராமல் கருவியால் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கி, மீண்டும் ஒருமுறை தகட்டை விட்டுப் பாருங்கள். நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடுவது வழக்கம் என்பதால் இந்த இரண்டாம் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. பின்பு கீழ்ப் புல்லியைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அரைச் சுற்று திருப்பினால் இரண்டாம் சிலிண்டர். இன்னும் அரைச் சுற்றில் மூன்றாவது, அதன்பின் நான்காவது. எரியும் வரிசை 1-4-3-2 என்பதால், பின்னோக்கித் திருப்பும்போது எண்கள் நேர்வரிசையில் வந்து வேலையை எளிதாக்குகின்றன.

அளவுகளைச் சரிசெய்யும்முன் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வெளி ஓரங்களில் இருப்பவை வெளியேற்று வால்வுகள். அவற்றில் ஒன்று, குறிப்பாக மூன்றாம் சிலிண்டருடையது, ஒவ்வொரு முறையும் இறுகிக்கொண்டே வந்தால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டுகொண்டிருக்கிறது அல்லது வால்வு இருக்கைக்குள் அமிழ்கிறது. நீண்டுபோகும் வால்வு ஒருநாள் தலை முறிந்து பிஸ்டனைத் துளைத்துவிடும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டிய வேளை வந்துவிட்டதை அந்த நோட்டு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். சற்றுத் தட்டும் வால்வைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சத்தமே போடாத இறுகிய வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராமல், சூட்டை இறக்கிவைக்க இடமின்றிக் கருகும்.

பெல்ட்டும் பற்றவைப்பும்

வேறு சில வண்டிகளில் டைனமோ பெல்ட் அறுந்தால் பேட்டரியில் ஓட்டி வீடு சேரலாம். இங்கே அதே பெல்ட்தான் விசிறியையும் சுழற்றுகிறது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது சிவப்பு மின்னூட்ட விளக்கு எரிந்தால், அடுத்த நிலையம்வரை போய்விடலாம் என்று எண்ணாமல் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும்.

பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் தாழ வேண்டும். இறுக்கும் முறை புதிதாகப் பார்ப்பவருக்கு விந்தையாக இருக்கும்: மேல் புல்லி இரண்டு பாதிகளாலானது, நடுவில் மெல்லிய வளையத் தகடுகள் அடுக்கியிருக்கும். புல்லியின் வெட்டில் திருகாணிக் கருவியைக் கொடுத்து அசையாமல் நிறுத்தி, 21 மில்லிமீட்டர் நட்டைக் கழற்றி, நடுவிலிருந்து ஒரு தகட்டை எடுத்தால் பாதிகள் நெருங்கிப் பெல்ட் மேலேறி இறுகும். எடுத்த தகட்டைத் தூக்கி எறியாமல் நட்டுக்கு அடியில், வெளிப்புறத்தில் சேர்த்துப் பூட்டுங்கள். பெல்ட்டைத் தளர்த்த வேண்டிய நாளில் அது அங்கேயே இருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். பற்றவைப்பு நேரம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மாறும் என்பதால், அதன் உடலில் உள்ள எண்ணைப் பார்த்து அதற்குரிய அளவையே பின்பற்ற வேண்டும். பரவலாகக் காணப்படும் 009 வகைக்கு, வேகத்தைக் கூட்டி, பொறி மிக முன்னதாக விழும் முழு முன்னேற்றத்தில் விளக்கு வைத்துப் பார்க்கும்போது 28 முதல் 32 பாகைக்குள் நிற்க வேண்டும். அதற்குமேல் முன்னேற்றினால் இழுவை கூடியதுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்துக்கு விலையாக ஹெட்டுகள் வேகும்.

பெட்ரோல் குழாய்

பழைய கோம்பிகளில் பல தீயில் முடிந்ததற்குக் காரணம் சூடு அன்று, கசியும் பெட்ரோல். துணி சுற்றிய பழைய ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வெடித்திருக்கும். வண்டி கைக்கு வந்ததும் டாங்கியிலிருந்து கார்புரேட்டர்வரை எல்லா ரப்பர் குழாய்களையும் மாற்றி, ஒவ்வொரு முனையிலும் கவ்வி போடுங்கள். எஞ்சின் அறைக்குள் தொங்கும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் வடிகட்டியைக் கழற்றி, டாங்கியின் பக்கமாக வெளியே பொருத்துங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல் வெறும் அழுத்தத்தில் நிற்பது. விரலால் திருகிப் பார்க்கும்போது ஆடினால் அதைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. உலர் தூள் தீயணைப்பானை ஓட்டுநர் இருக்கையின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், பின்னால் வைத்தால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். மெக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை மேலும் மூட்டும். எரிபொருளைப் பொறுத்தவரை, மாற்றம் செய்யப்படாத எஞ்சினின் அழுத்த விகிதம் குறைவானது என்பதால் ரோன் 95 போதும். 97-க்குச் செலவிடுவதால் குளிர்ச்சி கூடாது.

ஓட்டும் விதம்

விசிறியின் வேகம் எஞ்சினின் வேகத்தைச் சார்ந்தது. மேட்டில் நான்காம் கியரிலேயே மிதித்து இழுத்தால், சூடு அதிகமாகும் நேரத்தில் காற்று குறைவாக இருக்கும். ஈப்போவிலிருந்து வடக்கே வரும்போது மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னுள்ள ஏற்றத்திலும், சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் நீண்ட சாலையிலும், எஞ்சின் திணறத் தொடங்கும்முன்பே மூன்றுக்கோ இரண்டுக்கோ இறங்கி, மிதியைக் குறைவாக வைத்து, எஞ்சின் தாராளமாகச் சுற்றும்படி ஏறுங்கள். பின்னால் வரும் செம்பனை லாரி ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுவதில் இழப்பு எதுவுமில்லை. சமவெளி நெடுஞ்சாலையில் மணிக்கு 80 முதல் 90 கிலோமீட்டர் இதற்கு உகந்த வேகம்.

எண்ணெய் வெப்பமானி ஒன்றைப் பொருத்துவது நல்லது. 80 முதல் 110 பாகைவரை இயல்பு. 120-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து, இறங்காவிட்டால் நிறுத்துங்கள். மலையேறி நின்றதும் சாவியை உடனே திருப்பாமல், சற்று நேரம் மெதுவாகச் சுற்றவிட்டால் விசிறி எஞ்சியுள்ள சூட்டைத் தள்ளிவிடும். குளிர்சாதனம் பொருத்த விரும்புகிறவர்கள், அதன் கம்ப்ரசர் எஞ்சின்மேல் கூடுதல் சுமை என்பதையும், வெப்பம் வெளியிடும் தட்டை எஞ்சினுக்குக் காற்று நுழையும் துவாரங்களின் அருகே வைக்கக் கூடாது என்பதையும் பொருத்துகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 50 குதிரைத்திறன் எஞ்சினில் அதைப் பொருத்தாமல் கண்ணாடியைத் திறந்து ஓட்டுவதையே நான் விரும்புவேன்.

இறக்கத்தில், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். 1970-க்கு முந்திய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக் என்பதால், தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் மிதி அழுத்தமிழந்துவிடும். வெளியூர்ப் பயணத்துக்குக் கிளம்பும்போது இருக்கைக்கு அடியில் ஒரு பெல்ட், 21 மற்றும் 13 மில்லிமீட்டர் சாவிகள், ஒரு ஜோடி பாயின்ட், கண்டென்சர், ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு முழம் பெட்ரோல் குழாய், இரண்டு கவ்விகள், ஆக்சிலரேட்டர் கம்பி, கிளட்ச் கம்பி ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டும் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடுபவை. பீட்டலுக்குரிய கம்பிகள் இதற்கு எட்டா என்பதால் கடையில் கேட்கும்போது கோம்பிக்கென்றே கேட்டு, தலைமுறையையும் சொல்லி வாங்குங்கள்.